உழவர்களும் உயிலும்

(திருவண்ணாமலையில் உழவர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



உழவர் கூட்டம் என்றால் விதை, உரம், பாசனம், பயிர்ப் பாதுகாப்பு ஆகியவற்றைப் பற்றிப் பேசுவது வழக்கம். இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் உயில். மணிலா விதைக்கும் முன் முளைப்புத் திறன் பார்க்கிறோம். கரும்பு நடும் முன் நல்ல கரணையாகப் பொறுக்கி எடுக்கிறோம். ஆனால் இருபது முப்பது ஆண்டுகள் பாடுபட்டுச் சேர்த்த கழனி நமக்குப் பின் யாருக்குப் போகும், எப்படிப் போகும் என்பதை மட்டும் எண்ணிப் பார்ப்பதில்லை. உயில் என்று வாயெடுத்தாலே, "நல்ல நாளும் அதுவுமாக இது என்ன பேச்சு?" என்று வீட்டில் அடக்கிவிடுகிறார்கள். உயில் எழுதினால் ஆயுள் குறையும் என்பது வெறும் பயமே. எழுதாமல் போனால் பிள்ளைகளின் ஒற்றுமை குறையும் என்பதோ ஊர்தோறும் நாம் காண்பது.

2015-16ஆம் ஆண்டு வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஓர் உழவரின் சராசரி நில அளவு 0.75 எக்டேர். அதாவது ஏறத்தாழ 1 ஏக்கர் 85 செண்ட். இவ்வளவு சிறிய நிலத்தில் ஒரு வழக்கு நுழைந்துவிட்டால், நிலத்தின் விலையே வழக்குச் செலவுக்குப் போய்விடும். "தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு" என்பது பழமொழி. ஆகவே பெரிய பண்ணைக்காரரைக் காட்டிலும் சிறு விவசாயிக்கே உயில் மிகுதியும் தேவைப்படுகிறது.

உயில் இல்லாவிட்டால்

உயில் எழுதாமல் ஒருவர் காலமானால் சொத்தைச் சட்டம் பங்கிடும். இந்துக்களுக்கு 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் பொருந்தும். ஓர் ஆண் தாமே சம்பாதித்த சொத்து, அவர் மனைவி, தாயார், மகன்கள், மகள்கள் அனைவருக்கும் சரிசமமாகப் போகும். அவருக்கு முன்பே இறந்துவிட்ட பிள்ளை இருந்தால் அப்பிள்ளையின் குடும்பத்தாருக்கும் அந்தப் பங்கு உண்டு.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒருவருக்குச் சுயமாக வாங்கிய 3 ஏக்கர் இருக்கிறது. தாயார், மனைவி, இரண்டு மகன்கள், ஒரு மகள் உள்ளனர். ஆளுக்கு 60 செண்ட் வரும். கிணறு ஒன்றுதான்; மின் இணைப்பும் ஒன்றுதான். எந்த 60 செண்ட் யாருக்கு, கிணறு யார் பக்கம், வண்டி போகும் வழி எது என்று சட்டம் சொல்லாது. பங்கின் அளவைச் சொல்வதோடு அது நின்றுகொள்ளும். மற்றதெல்லாம் ஐந்து பேரும் ஒத்துப்போவதைப் பொறுத்தது. ஒத்துப்போகாவிட்டால் பாகப்பிரிவினை வழக்குதான்.

பெண்மக்களின் உரிமையைப் பற்றி இன்னும் பலருக்குத் தெளிவில்லை. பூர்வீகக் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் பிறப்பால் பங்குண்டு என்று தமிழ்நாடு 1989ஆம் ஆண்டிலேயே சட்டத் திருத்தம் செய்தது. அந்த ஆண்டு மார்ச் 25ஆம் நாளுக்கு முன் மணமான மகள்களுக்கு மட்டும் அது பொருந்தாமல் இருந்தது. 2005ஆம் ஆண்டு செப்டம்பர் 9ஆம் நாள் நடைமுறைக்கு வந்த மத்தியச் சட்டத் திருத்தத்தில் அந்த வேறுபாடு இல்லை. மணமான மகளுக்கும் மகனுக்குள்ள உரிமை வந்தது. அந்த நாளில் தந்தை உயிருடன் இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020 ஆகஸ்டில் உச்சநீதிமன்றம் தெளிவுபடுத்தியது. 2004 டிசம்பர் 20க்கு முன் பதிவுப் பத்திரம் மூலமோ நீதிமன்றத் தீர்ப்பின் மூலமோ முடிந்துபோன பாகப்பிரிவினைகளை மட்டும் இத்திருத்தம் கலைக்காது. எனவே, "கட்டிக்கொடுத்த பெண்ணுக்குக் காணியில் பங்கேது?" என்று நினைத்து உயில் எழுதாமல் இருந்துவிடுவது மகன்களுக்கும் நல்லதன்று, மகள்களுக்கும் நல்லதன்று.

தாய்மார்களுக்கும் ஒரு செய்தி. கணவரையும் இழந்து, பிள்ளையும் இல்லாத ஒரு பெண், தாமே பால்மாடு வைத்துச் சம்பாதித்து 50 செண்ட் வாங்கியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். உயில் இல்லாமல் அவர் இறந்தால் அந்த நிலம் முதலில் கணவர் வழி வாரிசுகளுக்கே போகும். கடைசிவரை கஞ்சி ஊற்றிய தம்பியோ தங்கையோ அதைப் பெற முடியாது. தாய் தந்தையரிடமிருந்து வாரிசாக அவருக்கு வந்த நிலம் மட்டுமே, பிள்ளையில்லாதபோது தந்தை வழிக்குத் திரும்பும். தம் சொத்து தாம் விரும்பியவருக்குச் சேர வேண்டுமானால் அந்தப் பெண் உயில் எழுதியே ஆகவேண்டும்.

திருவண்ணாமலை கண்ட ஓர் உயில்

உயில் என்பது பணக்காரர் சங்கதி என்று எண்ணுவோருக்கு இந்த ஊரிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டுச் சொல்லலாம். ரமண மகரிஷி 1896ஆம் ஆண்டில் சிறு வயதில் திருவண்ணாமலைக்கு வந்தவர்; தமக்கென்று எதையும் வைத்துக்கொள்ளாதவர். ஆயினும் அவரைச் சுற்றி வளர்ந்த ஆசிரமத்தின் நிர்வாகம் தமக்குப் பின் யாரிடம் இருக்கவேண்டும் என்பது குறித்து 1938ஆம் ஆண்டில் ஓர் உயில் ஏற்படுத்தினார். அவருக்குப் பெயரெழுதிக் கையொப்பமிடும் வழக்கம் இல்லை. ஆகையால் கையொப்பத்துக்குப் பதிலாக ஒரு கோடு இட்டார். அப்போது நிர்வாகத்தைக் கவனித்து வந்த தம்பி நிரஞ்சனானந்த சுவாமி, அவருக்குப் பின் அவருடைய மகன் என்று வரிசையும் அதில் குறிக்கப்பட்டது. மகரிஷி மறைந்தது 1950 ஏப்ரல் 14ஆம் நாள். 1953இல் தம்பியும் மறைந்தபின், மகனான தி.நா. வெங்கட்ராமன் பொறுப்பேற்றார்.

இதிலிருந்து உழவர் கற்றுக்கொள்ள வேண்டியவை மூன்று. முதலாவது, படுக்கையில் விழுமுன்பே எழுத வேண்டும். இந்த உயிலுக்கும் மறைவுக்கும் இடையே 12 ஆண்டுகள் இருந்தன. இரண்டாவது, எழுதப் படிக்கத் தெரியாவிட்டாலும் உயில் செய்யலாம். கைநாட்டோ, ஏதேனும் ஓர் அடையாளமோ போதும் என்று சட்டம் சொல்கிறது. மூன்றாவது, "இவருக்கு" என்று எழுதி நிறுத்தாமல் "இவர் இல்லையேல் அவருக்கு" என்றும் எழுத வேண்டும்.

உயிலும் செட்டில்மெண்டும்

நம் கிராமங்களில் வயதானவர்கள் செய்யும் பெரும் பிழை இங்கேதான் நேர்கிறது. "இருக்கும்போதே எழுதிக் கொடுத்துவிட்டால் பிள்ளைகள் நன்றாகப் பார்த்துக்கொள்வார்கள்" என்று எண்ணிச் செட்டில்மெண்டுப் பத்திரம் எழுதி வைக்கிறார்கள். இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை நன்கு மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும்.

செட்டில்மெண்டு எழுதிப் பதிந்த அன்றே சொத்தின் உரிமை கைமாறிவிடும். பிறகு நாமாக நினைத்தாலும் திரும்ப வாங்க முடியாது. உயிலோ நம் மூச்சு இருக்கும்வரை யாருக்கும் எந்த உரிமையும் தராது. உயில் எழுதிய பிறகும் நிலத்தை விற்கலாம், அடமானம் வைக்கலாம். உயிலையே மாற்றலாம், கிழித்துப் போட்டு வேறு எழுதலாம். பட்டா நம் பெயரிலேயே இருக்கும். நிலம் நம்மிடம் இருக்கும்வரை வீட்டில் நம் சொல்லும் இருக்கும்.

2018ஆம் ஆண்டில் இந்த மாவட்டத்திலேயே நடந்த ஒன்றை நாளிதழ்களில் படித்திருப்பீர்கள். ஒரு முதிய தம்பதியர் தங்களுக்கிருந்த சுமார் 5 ஏக்கர் நிலத்தை இரண்டு மகன்களுக்கும் எழுதிக் கொடுத்துவிட்டனர். அதன்பின் அவர்களைக் கவனிப்பார் இல்லை. அவர்கள் மாவட்ட ஆட்சியரிடம் முறையிட்டனர். அப்போது ஆட்சியராயிருந்த கே.எஸ். கந்தசாமி, 2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டத்தைக் கொண்டு, எழுதிக் கொடுத்ததை ரத்துச் செய்து நிலத்தை அந்த முதியவர்களுக்கே திரும்பக் கிடைக்கச் செய்தார்.

நிலம் திரும்பியது நல்ல செய்திதான். ஆனால் பெற்ற பிள்ளைகள் மேல் மனுக் கொடுக்கும் நிலைக்கு வந்தபின் கிடைத்த வெற்றி அது. அச்சட்டத்தின் 23ஆம் பிரிவு, "என்னைப் பராமரிக்க வேண்டும்" என்ற நிபந்தனையோடு கொடுத்த சொத்துக்கே பொருந்தும். ஆகவே ஏதோ காரணத்தால் செட்டில்மெண்டுதான் எழுத வேண்டும் என்றால் இரண்டு வாசகங்கள் தவறாமல் இருக்கட்டும். ஒன்று, எழுதிக் கொடுப்பவரும் அவர் துணையும் ஆயுள் உள்ளவரை நிலத்தை அனுபவிக்கும் உரிமை. மற்றொன்று, பெறுபவர் உணவு, உறைவிடம், மருத்துவம் தந்து பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனை. ஏற்கெனவே இத்தகைய நிபந்தனையோடு எழுதிக் கொடுத்துவிட்டு அல்லற்படுவோர் வருவாய்க் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனுக் கொடுக்கலாம். 60 வயது நிரம்பியவர்கள் இச்சட்டத்தின்கீழ் வருவர்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மேலே "உயில்" என்று தலைப்பிட்டுவிட்டால் மட்டும் அது உயிலாகிவிடாது. உள்ளே "இன்று முதல் நீ அடைந்து அனுபவித்துக்கொள்" என்று இருந்தால் நீதிமன்றம் அதைச் செட்டில்மெண்டாகவே படிக்கும். உயிலில் "என் காலத்துக்குப் பின்" என்ற சொற்கள் இருக்க வேண்டும். எழுத்தர் எழுதித் தந்ததை ஒருமுறை முழுவதும் வாசிக்கச் சொல்லிக் கேட்டபின்பே கைநாட்டு வையுங்கள்.

எந்தச் சொத்தை எழுதலாம்?

தாமே வாங்கிய நிலத்தை முழுவதும் விருப்பப்படி எழுதலாம். பாகம் பிரியாத பூர்வீகச் சொத்தில் தம் பங்கை மட்டுமே எழுத முடியும். பிள்ளைகளுக்குப் பிறப்பால் வந்த பங்கையும் சேர்த்து எழுதிவிட்டால், அந்தளவுக்கு உயில் செல்லாது. நம்மிடம் உள்ளது எவ்வகை நிலம் என்று தெரியாதபோது தாய்ப் பத்திரங்களை எடுத்துக்கொண்டு வழக்கறிஞர் ஒருவரைப் பார்த்துக் கேட்டுக்கொள்வது நல்லது. அதற்கு வசதியில்லாதவர்கள், பெண்கள், தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்கள் ஆகியோர் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவச ஆலோசனை பெறலாம்.

இசுலாமியப் பெருமக்களுக்கு முறை வேறு. அடக்கச் செலவும் கடனும் போக மிஞ்சுவதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயில் எழுதினால் வாரிசுகளின் சம்மதம் வேண்டும். வாரிசு ஒருவருக்கே எழுதுவதானாலும் மற்ற வாரிசுகளின் சம்மதம் வேண்டும். கிறித்தவர்கள் திருமணத்திற்கு முன் எழுதிய உயில் திருமணத்தோடு ரத்தாகிவிடும். மீண்டும் எழுத வேண்டும்.

எழுதும் முறை

இந்துக்களுக்கும் கிறித்தவர்களுக்கும் 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம் உயிலின் முறையைச் சொல்கிறது. அது கடினமானதன்று.

1. எழுதுபவர் மேஜர் ஆனவராகவும், தெளிந்த புத்தியுடனும் இருக்க வேண்டும்.

2. முத்திரைத்தாள் தேவையில்லை. வெள்ளைத்தாளில், தமிழில், கையால் எழுதினாலும் தட்டச்சுச் செய்தாலும் செல்லும்.

3. எழுதுபவர் கையொப்பமோ கைநாட்டோ இட வேண்டும். கை நடுக்கத்தால் முடியாவிட்டால், அவர் முன்னிலையில், அவர் சொல்ல, வேறொருவர் அவருக்காகக் கையொப்பமிடலாம். ஒவ்வொரு பக்கத்திலும் இடுவது பாதுகாப்பு.

4. குறைந்தது இரண்டு சாட்சிகள் வேண்டும். உயில் எழுதியவர் கையொப்பமிட்டதை அவர்கள் நேரில் பார்த்திருக்க வேண்டும், அல்லது "இது என் கையொப்பம்" என்று அவரே சொல்லக் கேட்டிருக்க வேண்டும். அதன்பின் அவர் முன்னிலையில் அவர்களும் கையொப்பமிட வேண்டும்.

பல உயில்கள் நான்காவது விதியில்தான் தவறிவிடுகின்றன. உயில் எழுதி முடித்துவிட்டு, "அப்புறம் ஒரு கையெழுத்துப் போடு" என்று மறுநாள் டீக்கடையில் வைத்துச் சாட்சிக் கையெழுத்து வாங்குகிறார்கள். அது செல்லாது. சாட்சி யார் என்பதிலும் கவனம் வேண்டும். சொத்துப் பெறுபவரோ அவர் மனைவியோ கணவரோ சாட்சியாக வேண்டாம். கிறித்தவர்களின் உயிலில் அப்படிச் செய்தால் அவருக்கு எழுதிய சொத்தே அவருக்குக் கிடைக்காது. இந்துக்களுக்கு அந்த விதி இல்லையென்றாலும் சந்தேகத்துக்கு இடம் தரும். நம்மைவிட இளையவராக, ஊரிலேயே இருப்பவராகப் பாருங்கள். நாளை வழக்கு வந்தால் சாட்சிகளில் ஒருவராவது கூண்டில் ஏறிச் சொல்ல வேண்டும். நம் வயதொத்த நண்பரையே சாட்சியாக வைத்தால் அவர் நமக்கு முன்பே போய்விடவும் கூடும்.

கிணறும் வழியும்

உழவர் உயிலுக்கும் நகரத்தார் உயிலுக்கும் உள்ள பெரிய வேறுபாடு இதுதான். நகரத்தில் வீட்டை எழுதினால் கதவு எண்ணோடு முடிந்துவிடும். கழனியை எழுதும்போது தண்ணீரையும் சேர்த்து எழுத வேண்டும். நிலத்தைச் சரியாகப் பிரித்துவிட்டுக் கிணற்றை மறந்துபோன உயிலால் அண்ணன் தம்பிகள் வெட்டுக்குத்து வரை போகிறார்கள். ஆகவே பின்வருவனவற்றை விடாமல் எழுதுங்கள்.

நிலம்: கிராமம், சர்வே எண், உட்பிரிவு எண், பரப்பு, நான்கு எல்லை. ஒரே எண்ணைப் பிரித்துக் கொடுப்பதானால் முதலில் அளந்து கல் நட்டு, புலப்படத்தில் குறித்து, அந்தப் படத்தை உயிலோடு இணைத்துவிடலாம். "கிழக்குப் பக்கத்துத் துண்டு" என்று பொதுவாக எழுதுவது வம்பில் முடியும்.

கிணறு: யார் யாருக்கு எத்தனை பங்கு, யாருக்கு எந்தக் கிழமை முறை, தூர்வாரவும் ஆழப்படுத்தவும் செலவு எப்படி என்று எழுதுக. கோடையில் தண்ணீர் குறைந்தால் முறை எப்படி மாறும் என்பதையும் எழுதுக. பங்காளிகளோடு கூட்டுக் கிணறாயிருந்தால் நமக்குள்ள முறையை மட்டுமே எழுத முடியும்.

மோட்டாரும் மின் இணைப்பும்: இணைப்பு ஒரு பெயரில்தான் இருக்கும். அது யார் பெயருக்கு மாற வேண்டும், மற்றவர்கள் எப்படிப் பயன்படுத்துவது, மோட்டார் பழுதானால் யார் எவ்வளவு கொடுப்பது என்று குறிப்பிடுக.

வாய்க்காலும் வழியும்: பின்னால் இருக்கும் துண்டுக்குத் தண்ணீர் எந்த வழியாகப் போகும், டிராக்டரும் கரும்பு வண்டியும் எந்த வழியாக வரும், அந்த வழியின் அகலம் எத்தனை அடி என்பன உயிலில் இருக்கட்டும்.

மரங்கள்: வரப்பிலுள்ள தென்னை, புளி, மா ஆகியவற்றின் மகசூல் யாருக்கு என்பதையும் ஒரு வரி எழுதிவிடலாம்.

நிலம் துண்டாகாமல் இருக்க

ஒன்றரை ஏக்கரை மூவருக்குப் பிரித்தால் ஆளுக்கு 50 செண்ட். அதில் வரப்புக்கும் வழிக்கும் போக மீதியில் பயிர் வைத்துப் பிழைப்பது கடினம். எனவே பிள்ளைகளில் உழவில் நிற்பவர் யார், வெளியூர் வேலையில் நிற்பவர் யார் என்று பார்த்து எழுதலாம். நிலம் முழுவதையும் உழுகிற பிள்ளைக்குக் கொடுத்து, மற்றவர்களுக்கு அவர் இவ்வளவு தொகையை இத்தனை ஆண்டில் கொடுக்க வேண்டும், கொடுத்து முடிக்கும்வரை அத்தொகை நிலத்தின் மேல் நிற்கும் என்று எழுதலாம். வீடும் நகையும் ஒருவருக்கு, நிலம் ஒருவருக்கு என்றும் பிரிக்கலாம். யாருக்காவது குறைத்தோ கொடுக்காமலோ எழுதினால் அதன் காரணத்தையும் எழுதுங்கள். "மகளின் திருமணத்தின்போது இன்ன மனை கொடுத்திருக்கிறேன்" என்று ஒரு வரி இருந்தால் மனக்கசப்புக் குறையும். காரணமின்றி விடுபட்ட பிள்ளைதான் நீதிமன்றம் போகும்.

மனைவிக்கு எழுதும்போது ஆயுள் உரிமையா, விற்கவும் உரிமையுண்டா என்பதைத் தெளிவாக எழுத வேண்டும். 1977இல் துளசம்மா வழக்கில் உச்சநீதிமன்றம், ஜீவனாம்சத்துக்காக ஒரு பெண்ணுக்கு ஆயுள் உரிமையாகத் தந்த சொத்து, 1956ஆம் ஆண்டுச் சட்டத்தால் அவருக்கு முழு உரிமையாகிவிட்டது என்று தீர்ப்பளித்தது. இவ்விடத்தில் வழக்கறிஞரின் ஆலோசனையோடு வாசகம் அமைப்பது அவசியம்.

கடனையும் மறைக்காதீர்கள். கூட்டுறவுச் சங்கக் கடன், நகைக் கடன், வங்கிக் கடன், கைமாற்று ஆகியவற்றை எழுதி, யார் எதை அடைக்க வேண்டும் என்று சொல்லுங்கள். சொத்தைப் பெறுகிறவர் அதன்மேல் உள்ள கடனோடுதான் பெறுவார்.

வங்கியில் நாமினி போட்டிருக்கிறேன், அது போதாதா என்று கேட்பீர்கள். நாமினி என்பவர் பணத்தை வாங்கி உரியவர்களிடம் சேர்க்க வேண்டியவர். அதனாலேயே அவர் சொந்தக்காரர் ஆவதில்லை. காப்பீட்டுத் தொகை பற்றிய ஒரு வழக்கில் உச்சநீதிமன்றம் 1983ஆம் ஆண்டிலேயே இதைச் சொல்லியிருக்கிறது. நாமினியாக இருப்பவர் பெயரும் உயிலில் இருப்பவர் பெயரும் ஒன்றாக இருந்தால் குழப்பமில்லை.

பதிவும் பாதுகாப்பும்

உயிலைப் பதிவு செய்தே ஆகவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பதியாத உயிலும் செல்லும். ஆயினும் பதிவதே நல்லது. தொலைந்தாலும் நகல் கிடைக்கும். யாரும் நடுவில் தாளை மாற்ற முடியாது. எந்தச் சார்பதிவாளர் அலுவலகத்திலும் பதியலாம். முத்திரைத்தீர்வை கிடையாது; பதிவுக் கட்டணம் மட்டுமே. நடக்க முடியாதவர்களுக்கு, தகுந்த காரணம் காட்டி விண்ணப்பித்தால் பதிவு அதிகாரி வீட்டுக்கே வருவதற்கும் சட்டத்தில் வழி உண்டு.

"பதிந்தால் பிள்ளைகளுக்குத் தெரிந்துவிடுமே" என்று அஞ்ச வேண்டாம். எழுதியவர் உயிருடன் இருக்கும்வரை அவருக்கோ அவருடைய முகவருக்கோ தவிர மற்றெவருக்கும் அதன் நகல் கொடுக்க மாட்டார்கள். இன்னும் மறைவாக இருக்க வேண்டுமானால், உயிலை உறையிலிட்டு முத்திரை வைத்து மாவட்டப் பதிவாளரிடம் ஒப்படைக்கலாம். காலத்துக்குப் பின் விண்ணப்பிப்பவர் முன்னிலையில் அதைத் திறப்பார்கள்.

ஆனால் பதிந்துவிட்டதாலேயே எல்லாம் முடிந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். சந்தேகத்துக்கிடமான சூழ்நிலை இருந்தால் அதைப் போக்க வேண்டிய பொறுப்பு, உயிலைக் காட்டி உரிமை கேட்பவருடையது என்று 1958இல் வெங்கடாசல ஐயங்கார் வழக்கில் உச்சநீதிமன்றம் கூறியது. இன்றும் நீதிமன்றங்கள் பின்பற்றுவது அதைத்தான். பெரும்பங்கு பெறும் மகனே முன்னின்று எழுதுவித்தால், மருத்துவமனைக் கட்டிலில் கைநாட்டு வாங்கினால், மனைவி மக்களைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லாமல் வேற்றாளுக்கு எழுதினால் நீதிமன்றம் ஐயுறும். எனவே உடல்நலத்தோடு இருக்கும்போதே நாமே சென்று எழுதுவிக்க வேண்டும். முதுமை மிகுந்தவர்கள் அன்றைய தேதியில் மருத்துவர் சான்று ஒன்றும் வாங்கி வைக்கலாம்.

மாதிரி உயில்

இதோ ஒரு மாதிரி. உங்கள் நிலைமைக்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

"…… வட்டம், …… கிராமத்தில் வசிக்கும் …… அவர்களின் மகன்/மகள் ……, வயது ……, ஆகிய நான், …… ஆம் ஆண்டு …… மாதம் …… ஆம் நாள், தெளிந்த புத்தியுடன், எவருடைய தூண்டுதலுமின்றி, மனப்பூர்வமாக எழுதி வைக்கும் உயில் சாசனம்.

எனக்கு மனைவி/கணவர் …… , மக்கள் …… ஆகியோர் உள்ளனர். கீழ்க்கண்ட சொத்து …… ஆம் ஆண்டு …… எண் கிரயப் பத்திரம் மூலம் நான் சுயமாக வாங்கியது. என் ஆயுட்காலம் முழுவதும் இதை நானே சர்வ சுதந்திரமாக அனுபவிப்பேன். இவ்வுயிலை மாற்றவும் ரத்துச் செய்யவும் எனக்கு உரிமை உண்டு.

என் காலத்துக்குப் பின் …… சர்வே எண் …… பரப்பு …… நிலம் …… அவர்களைச் சேர வேண்டியது. எனக்கு முன் அவர் காலமானால் …… அவர்களைச் சேர வேண்டியது. கிணறு, மின் இணைப்பு, வாய்க்கால், வழி ஆகியவற்றின் உரிமை பின்வருமாறு: …… . என் கடன்களை …… அடைக்க வேண்டியது. இதில் குறிப்பிடாத எனது மற்றச் சொத்துகள் …… அவர்களைச் சேர வேண்டியது. இதற்கு முன் நான் எழுதிய உயில் ஏதுமிருப்பின் அதை இதனால் ரத்துச் செய்கிறேன்.

கையொப்பம்/கைநாட்டு ……

மேற்படியார் எங்கள் முன்னிலையில் கையொப்பமிட்டதைப் பார்த்து, அவர் முன்னிலையில் நாங்கள் கையொப்பமிட்டோம். சாட்சி 1 …… சாட்சி 2 ……"

எழுதிய பிறகு அடித்தல் திருத்தல் செய்யாதீர்கள். மாற்றம் வேண்டுமானால் சாட்சிகளோடு புதிதாக ஓர் உயில் எழுதுங்கள். கடைசியாக எழுதிய உயிலே செல்லும். திருமணம், பேரப்பிள்ளை, நிலம் வாங்கல் விற்றல், குடும்பத்தில் ஓர் இழப்பு என்று எது நேர்ந்தாலும் உயிலை ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.

காலத்துக்குப் பின்

பெரியவர் காலமானால் 21 நாட்களுக்குள் இறப்பைப் பதிவு செய்து சான்று பெற வேண்டும். பின்பு இறப்புச் சான்று, உயில், வாரிசுச் சான்று, மூலப் பத்திரங்கள் ஆகியவற்றோடு பட்டா மாறுதலுக்கு விண்ணப்பிக்கலாம். யாரேனும் ஆட்சேபம் சொன்னால் வட்டாட்சியர் சிவில் நீதிமன்றத்துக்குப் போகச் சொல்லக்கூடும். பட்டாவை மாற்றாமல் தாத்தா பெயரிலேயே விட்டுவைக்கும் வழக்கத்தை நாம் கைவிட வேண்டும். நம் பெயரில் பட்டா இல்லாத நிலத்துக்குப் பயிர்க்கடனும் பயிர்க் காப்பீடும் வெள்ள நிவாரணமும் பெறுவதற்குள் கால் தேய்ந்துவிடும்.

பெரியோர்களே, "வெள்ளம் வருமுன் அணை போடு" என்பார்கள். மணிலா அறுவடை முடிந்து கை சற்று ஓய்ந்த ஒரு நாளில் பெட்டியைத் திறந்து பத்திரம், பட்டா, சிட்டா, வரி ரசீது, கடன் புத்தகம் அனைத்தையும் எடுத்து ஒரு தாளில் பட்டியல் போடுங்கள். பட்டா நம் பெயரில் இல்லையென்றால் முதலில் அதை மாற்றுங்கள். ஒரு வில்லங்கச் சான்றும் வாங்குங்கள். பிறகு கணவனும் மனைவியும் உட்கார்ந்து பேசுங்கள். இருவருக்கும் சொத்து இருந்தால் இருவருமே தனித்தனியாக உயில் எழுதுங்கள். பிள்ளைகளிடம் சொல்வதும் சொல்லாததும் உங்கள் விருப்பம். உயில் எங்கே இருக்கிறது என்பதை நம்பிக்கையான ஒருவரிடம் மட்டுமாவது சொல்லி வையுங்கள்.

நீங்கள் வெட்டிய கிணற்றில் உங்கள் பேரப்பிள்ளைகள் முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சுவதா, அதன் கரையில் நின்று சண்டையிடுவதா என்பது நீங்கள் எழுதப் போகும் இரண்டு பக்கத் தாளில் இருக்கிறது.